நீர்க்காகமும் பாம்புத்தாராவும்: இரண்டு பறவைகளை ஒப்பிடப் பழகுவோருக்கான வழிகாட்டி

பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய சாலையோரத்தில் காலை வேளையில் நின்று பார்ப்பவர்களுக்கு, நீரின் நடுவே துருத்திக்கொண்டிருக்கும் பட்ட கிளைகளிலும் கம்பங்களிலும் கறுத்த பறவைகள் சில இறக்கைகளை விரித்து வெயிலில் காய்ந்துகொண்டிருப்பது கண்ணில் படாமல் போகாது. புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்கியவர்கள் இவை எல்லாவற்றையும் நீர்க்காக்கா என்று குறித்துக்கொண்டு அடுத்த பறவையைத் தேடப் போய்விடுகிறார்கள். அந்தக் கூட்டத்தைச் சற்றுப் பொறுமையாகப் பார்த்தால், இரண்டு வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த பறவைகள் பக்கத்துப் பக்கத்துக் கிளைகளில் அமர்ந்திருப்பது பல நாட்களில் தெரியவரும். ஒன்று சின்ன நீர்க்காகம், மற்றொன்று பாம்புத்தாரா. இரண்டும் நீருக்குள் மூழ்கி மீன் பிடிப்பவை, இரண்டும் ஒரே ஏரியில் இரை தேடுபவை, இரண்டும் ஒரே மரத்தில் கூடு கட்டக்கூடியவை. அப்படியிருந்தும் உலக அளவிலான பாதுகாப்பு மதிப்பீடுகளில் அவற்றுக்கு நெடுங்காலம் வெவ்வேறு இடங்களே தரப்பட்டிருந்தன. ஏன் என்று கேட்டுப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல இணை சென்னையில் எளிதில் கிடைக்காது.

இரண்டு பறவையினங்களை ஒப்பிடும்போது வகைப்பாடு, வாழிடம், பாதுகாப்பு நிலை என்னும் மூன்று கேள்விகளை எழுப்புவது வழக்கம். பள்ளிச் செயல்திட்டங்களில் இவற்றை மூன்று கட்டங்களாக வரைந்து, கிடைத்த தகவலை எந்த வரிசையிலும் நிரப்பிவிடுவதைப் பார்க்கிறோம். வரிசை இங்கே முக்கியமானது என்பதே என் கருத்து. எதை ஒரு தனி இனமாகக் கொள்கிறோம் என்பது முடிவான பிறகுதான் அந்த இனம் எங்கே வாழ்கிறது என்று சொல்ல முடியும். எங்கே, எதை நம்பி வாழ்கிறது என்பது தெரிந்த பிறகுதான் அதன் எண்ணிக்கை ஏன் குறைகிறது அல்லது ஏன் குறையவில்லை என்பதற்குப் பொருள் கிடைக்கும். ஆகவே பின்வரும் படிகளை அவை தரப்பட்டிருக்கும் வரிசையிலேயே பின்பற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதற்படி: இரண்டையும் ஐயமின்றி அடையாளம் காணுதல்

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சாதாரண பைனாகுலர் ஒன்றும், கோடு போடாத குறிப்பேடு ஒன்றும், பென்சிலும் போதும். கேமரா இருந்தால் நல்லதுதான். ஆனால் தொடக்கத்தில் அது கையில் இருந்தால் படம் எடுப்பதிலேயே நேரம் போய்விடும். பறவை என்ன செய்கிறது என்பதைப் பார்க்கத் தவறிவிடுவோம்.

முதலில் அலகைப் பாருங்கள். சின்ன நீர்க்காகத்தின் அலகு குட்டையானது. அதன் நுனி கொக்கிபோலக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். பாம்புத்தாராவின் அலகு நீண்டு, நேராக, ஈட்டி முனைபோலக் கூர்மையாக முடியும், கொக்கி இருக்காது. அடுத்துக் கழுத்து. நீர்க்காகத்தின் கழுத்து உடலுக்கு ஏற்ற அளவில் இருக்கும். பாம்புத்தாராவின் கழுத்தோ மெலிந்து நீண்டு, நடுவில் ஓரிடத்தில் மடிந்ததுபோலத் தெரியும். அதன் எட்டாவது கழுத்தெலும்பு தனிப்பட்ட அமைப்புக் கொண்டிருப்பதால் ஏற்படும் மடிப்பு அது. இரையைக் குத்துவதற்குக் கழுத்தை ஒரே விசையில் நீட்ட அந்த அமைப்பே உதவுகிறது. உருவ அளவிலும் வேறுபாடு பெரிது. சின்ன நீர்க்காகம் ஏறக்குறைய 50 செ.மீ. நீளமுள்ளது, பாம்புத்தாரா 90 செ.மீ. அளவை எட்டும். நீர்க்காகம் வெயிலில் மின்னும் கறுப்பாகவும், இனப்பெருக்கக் காலம் அல்லாதபோது சற்றுப் பழுப்பேறித் தொண்டையில் வெண்மையுடனும் காணப்படும். பாம்புத்தாராவின் தலையும் கழுத்தும் பழுப்பு நிறமானவை. முதுகிலும் இறக்கைகளிலும் வெள்ளிக் கீற்றுகள் போன்ற கோடுகள் ஓடும். வால் நீண்டு விசிறிபோல விரியும்.

நீரில் இருக்கும்போது பாம்புத்தாராவை அடையாளம் காண்பது இன்னும் எளிது. உடல் முழுவதும் நீருக்குள் அமிழ்ந்திருக்க, கழுத்தும் தலையும் மட்டும் மேலே நீண்டு, நெளிந்து நகரும். பெயர்க்காரணத்தை அந்தக் காட்சியே சொல்லிவிடும். நீர்க்காகமும் தாழ்வாகத்தான் மிதக்கும், ஆனால் அதன் முதுகு பெரும்பாலும் நீருக்கு மேல் தெரியும். பறக்கும்போது நீர்க்காகம் இறக்கைகளை இடைவிடாமல் அடித்துக்கொண்டு நீர்ப்பரப்பை ஒட்டிச் செல்லும். பாம்புத்தாரா சில முறை இறக்கையடித்துப் பின்னர் மிதந்து செல்லும். வெயில் ஏறிய பிறகு மேலெழும் வெப்பக் காற்றில் பருந்தைப்போல உயரத்தில் வட்டமிடுவதும் உண்டு.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்லிவிட வேண்டும். சென்னைச் சுற்றுவட்டார நீர்நிலைகளில் கொண்டை நீர்க்காகம் என்னும் மூன்றாவது பறவையும் இருக்கிறது. அது சின்ன நீர்க்காகத்தைவிடச் சற்றுப் பெரியது. அலகு மெலிந்து நீண்டிருக்கும். கண் நீலப் பச்சை நிறத்தில் தெரியும். இனப்பெருக்கக் காலத்தில் கண்ணுக்குப் பின்னால், கழுத்தின் பக்கவாட்டில், வெள்ளை இறகுக் கொத்து ஒன்று தோன்றும். புதியவர்கள் பெரிய அளவை மட்டும் பார்த்துவிட்டு அதைப் பாம்புத்தாரா என்று எழுதிவிடுவதுண்டு. அலகின் நுனியில் கொக்கி இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் இந்தக் குழப்பத்தைப் பெரும்பாலும் தீர்த்துவிடும். தொலைவு காரணமாகத் தெளிவாகத் தெரியவில்லையென்றால், ‘நீர்க்காகம், இனம் தெரியவில்லை’ என்று எழுதிவைப்பதில் எந்தக் குறையும் இல்லை.

இரண்டாம் படி: வகைப்பாட்டைக் கீழிருந்து மேலாக எழுதுதல்

பாடநூல்கள் விலங்குலகம் என்பதில் தொடங்கிக் கீழே இறங்கிவரும். ஒப்பீட்டுக்கு அது பயன்படாது. ஏனெனில் முதல் சில வரிகள் எல்லாப் பறவைகளுக்கும் ஒன்றாகவே இருக்கும். இரண்டு பறவைகளின் சிற்றினப் பெயரையும் அடுத்தடுத்து எழுதிக்கொண்டு, பேரினம், குடும்பம், வரிசை என்று மேலே ஏறிச் செல்லுங்கள். எந்த இடத்தில் இரண்டு பட்டியலும் ஒன்று சேர்கின்றனவோ அந்த இடமே அவற்றின் உறவின் அளவு.

சின்ன நீர்க்காகத்தின் அறிவியற்பெயர் மைக்ரோகார்போ நைகர். அதன் பேரினம் மைக்ரோகார்போ. இதில் உலகெங்கும் ஐந்து சிறிய நீர்க்காகங்கள் அடங்கும். குடும்பம் ஃபாலக்ரோகோராசிடே, உலகின் நீர்க்காகங்கள் எல்லாம் இதில் வரும். பாம்புத்தாராவின் அறிவியற்பெயர் அன்ஹிங்கா மெலனோகாஸ்டர். அதன் குடும்பமான அன்ஹிங்கிடேயில் அன்ஹிங்கா என்னும் ஒரே பேரினமும், அந்தப் பேரினத்தில் நான்கே சிற்றினங்களும் உள்ளன: அமெரிக்கக் கண்டங்களில் ஒன்று, ஆப்பிரிக்காவில் ஒன்று, ஆஸ்திரேலியப் பகுதியில் ஒன்று, தெற்கு, தென்கிழக்கு ஆசியாவில் நாம் காணும் இது ஒன்று. பேரினமும் குடும்பமும் வேறு வேறு. வரிசைக்கு வரும்போதுதான் இரண்டும் சுலிஃபார்மிஸ் என்னும் ஒரே தலைப்பின் கீழ் சேர்கின்றன. ஆக, இவை ஒரு வீட்டுப் பிள்ளைகள் இல்லை, ஒரு கொடிவழியில் வந்த பங்காளிகள் என்று கொள்ளலாம்.

பழைய நூல்களைப் பார்ப்பவர்களுக்கு இங்கே இரண்டு வேறுபாடுகள் தட்டுப்படும். முதலாவது, சின்ன நீர்க்காகத்தை ஃபாலக்ரோகோராக்ஸ் நைகர் என்ற பெயரில் பல நூல்கள் குறிப்பிட்டிருக்கும். சிறிய நீர்க்காகங்களைத் தனிப் பேரினமாகப் பிரித்த பிறகு முன்பெயர் மாறியது, பறவை அதுவேதான். இரண்டாவது வேறுபாடு இன்னும் சுவையானது. நீர்க்காகங்கள், பாம்புத்தாராக்கள், கூழைக்கடாக்கள் ஆகிய மூன்றும் முன்பு பெலிக்கனிஃபார்மிஸ் என்னும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருந்தன. நான்கு கால்விரல்களும் ஒரே சவ்வினால் இணைந்திருப்பது இவற்றின் பொது அடையாளமாகக் கருதப்பட்டது. வாத்துக்கு மூன்று முன்விரல்களுக்கு இடையில் மட்டுமே சவ்வு உண்டு என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தக் கருத்து எவ்வளவு நியாயமாகத் தோன்றியிருக்கும் என்பது புரியும். மரபணு ஆய்வுகள் வந்த பிறகு, கூழைக்கடாவுக்குக் கொக்கு, அரிவாள் மூக்கன் ஆகியவற்றோடுதான் நெருங்கிய உறவு என்பது தெரிந்தது. ஆகவே நீர்க்காகமும் பாம்புத்தாராவும் சுலிஃபார்மிஸ் என்னும் தனி வரிசைக்கு மாற்றப்பட்டன. பள்ளிக்கரணையில் கூழைக்கடா ஒன்று நம் இரண்டு பறவைகளுக்கும் பக்கத்தில் மிதந்துகொண்டிருந்தால், கால் அமைப்பை மட்டும் நம்பி உறவு சொல்லக்கூடாது என்பதற்கு அதையே சான்றாக வைத்துக்கொள்ளலாம்.

வகைப்பாடு வெறும் பெயர் மனப்பாடம் என்று நினைப்பவர்கள் பாம்புத்தாராவின் கதையைக் கவனிக்க வேண்டும். ஆப்பிரிக்க, ஆசிய, ஆஸ்திரேலியப் பாம்புத்தாராக்கள் மூன்றையும் ஒரே சிற்றினத்தின் பிரிவுகளாகக் கொண்ட வல்லுநர்கள் முன்பு இருந்தார்கள். அப்படிக் கொண்டால், மூன்று கண்டங்களில் பரவிய பெரும் எண்ணிக்கையுள்ள பறவையாக அது ஆகிவிடும். ஆசியாவில் அதற்கு நேரும் சரிவு அந்தப் பெரிய கணக்கில் கரைந்துவிடும். தனிச் சிற்றினமாகப் பிரித்த பிறகே ஆசியப் பாம்புத்தாராவின் நிலையைத் தனியாக மதிப்பிட முடிந்தது. ஒரு பறவையின் பாதுகாப்பு நிலையைப் படிக்கும் முன், அந்த மதிப்பீடு எந்த எல்லைக்குட்பட்ட சிற்றினத்தைப் பற்றியது என்று கேட்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். வெவ்வேறு உலகப் பட்டியல்கள் வெவ்வேறாகப் பிரித்துவந்த சிக்கலைக் குறைக்க, அவிலிஸ்ட் என்னும் ஒருங்கிணைந்த பட்டியல் 2025 இல் வெளியிடப்பட்டிருக்கிறது. எந்தப் பட்டியலைப் பின்பற்றினாலும், ஒரே ஒப்பீட்டில் இரண்டு பட்டியல்களைக் கலக்காதீர்கள்.

மூன்றாம் படி: வாழிடத்தை மூன்று இடங்களாகப் பிரித்துப் பார்த்தல்

வாழிடம் என்ற தலைப்பின் கீழ் ‘ஏரி, குளம், சதுப்புநிலம்’ என்று எழுதிவிட்டால் இரண்டு பறவைகளுக்கும் ஒரே விடைதான் கிடைக்கும். அது பொய்யில்லை, ஆனால் பயனும் இல்லை. இரை தேடும் இடம், ஓய்வெடுத்து இறகு உலர்த்தும் இடம், கூடு கட்டும் இடம் என்று பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றையும் தனியாக நோக்குங்கள்.

இரை தேடும் இடத்தைப் புரிந்துகொள்ள, இவை எப்படி மீன் பிடிக்கின்றன என்பதை அறிய வேண்டும். நீர்க்காகம் நீருக்குள் மூழ்கிச் சவ்வுக் கால்களால் உந்தித் தள்ளிக்கொண்டு மீனைத் துரத்தும். கொக்கி அலகால் கவ்விப் பிடித்து மேலே கொண்டுவரும். சின்ன நீர்க்காகம் உடலில் சிறியது என்பதால், அதன் இரையும் சிறு மீன்களும் தவளைக் குஞ்சுகளும்தான். ஆழம் குறைந்த குட்டையும் வாய்க்காலும்கூட அதற்குப் போதும். பாம்புத்தாரா துரத்துவதைக் காட்டிலும் பதுங்குவதையே நம்புகிறது. நீருக்கடியில் மெல்ல நகர்ந்து, மீன் எட்டும் தூரத்துக்கு வந்ததும் மடித்து வைத்திருந்த கழுத்தை விசையுடன் நீட்டி அலகால் குத்திவிடும். பிறகு மேலே வந்து மீனைத் தூக்கிப்போட்டு, தலைப்பக்கம் முதலில் உள்ளே போகுமாறு பிடித்து விழுங்கும். இந்தக் கடைசிச் செயலைக் கரையிலிருந்தே பார்க்கலாம். ஒரு முறை பார்த்தவர்கள் பாம்புத்தாராவை மறப்பதில்லை.

இந்த வேட்டை முறைக்கு ஏற்றபடியே அவற்றின் இறகுகளும் அமைந்திருக்கின்றன. வாத்தின் இறகு நீரை ஒட்டவிடாது. நீர்க்காகத்தின் இறகில் வெளிப்பகுதி நனையும், உட்பகுதி அவ்வளவாக நனையாது. பாம்புத்தாராவின் இறகுகள் முழுவதுமாக நனைந்து ஊறிவிடுகின்றன. அதனால் உடல் மிதப்பது குறைந்து, அது நீருக்கடியில் அசையாமல் பதுங்கியிருப்பது எளிதாகிறது. அதற்கு அது கொடுக்கும் விலை, வேட்டைக்குப் பின் நெடுநேரம் வெயிலில் இறக்கை விரித்து உலர வேண்டியிருப்பது. இதை அறிந்த பிறகு வாழிடப் பட்டியலில் ஒரு புதிய தேவை சேர்கிறது: இறங்கி ஏற வசதியான, மனிதர்கள் எளிதில் நெருங்க முடியாத கிளையோ கம்பமோ நீரை ஒட்டி இருக்க வேண்டும். கரையோர மரங்களை வெட்டி, நடைபாதையும் கம்பிவேலியும் போட்டு அழகுபடுத்தப்பட்ட ஏரியில் நீர்க்காகம் மின்கம்பியிலாவது உட்கார்ந்துகொள்ளும். பாம்புத்தாராவைக் காண்பது குறைந்துவிடும் என்பது என் கணிப்பு. உங்கள் பகுதி ஏரியில் இது சரியா என்று நீங்களே குறித்துப் பாருங்கள்.

ஆகாயத்தாமரை மூடிய நீர்நிலைகளைப் பற்றியும் இதே முறையில் சிந்திக்கலாம். தாழைக்கோழிக்கும் இலைக்கோழிக்கும் அந்தப் பச்சைப் பாய் நடைமேடையாக உதவுகிறது. மூழ்கி மீன் பிடிக்கும் பறவைகளுக்குத் திறந்த நீர்ப்பரப்பு வேண்டும். ஆகவே ஓர் ஏரியில் பறவைகள் நிறைய இருக்கின்றன என்பதை மட்டும் வைத்து அது பாம்புத்தாராவுக்கு ஏற்ற இடம் என்று சொல்லிவிட முடியாது.

இனிச் சென்னையில் எங்கே போய்ப் பார்ப்பது என்பது. பள்ளிக்கரணைதான் முதல் தேர்வு. அங்கே ஒரு பகுதி 2007 இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022 இல் ஏறக்குறைய 1,248 ஹெக்டேர் பரப்புள்ள சதுப்புநிலம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வேளச்சேரி, துரைப்பாக்கம் பக்கங்களிலிருந்து எளிதாகப் போகலாம். பெருங்குடிக் குப்பைக் கிடங்கும் அடுக்குமாடிக் கட்டடங்களும் அதே சதுப்பின் ஓரத்தில்தான் நிற்கின்றன என்பதையும் வாழிடக் குறிப்பில் எழுதத் தவறாதீர்கள். வாழிடம் என்பது அதைச் சுற்றியுள்ள நெருக்கடியையும் சேர்த்ததுதான். பெரும்பாக்கம் ஏரி, போரூர் ஏரி, அடையாறு முகத்துவாரம் ஆகியவையும் பார்க்கத் தக்கவை. ஒப்பீட்டுக்கு வசதியாக, பெரிய நீர்நிலை ஒன்றையும், உங்கள் வீட்டருகே உள்ள சிறு குளம் அல்லது கோயில் தெப்பக்குளம் ஒன்றையும் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். சின்ன நீர்க்காகம் இரண்டிலும் இருக்க வாய்ப்பு அதிகம். பாம்புத்தாரா பெரிய நீர்நிலையில்தான் பெரும்பாலும் கிடைக்கும். அந்த வேறுபாட்டை உங்கள் கையால் எழுதிய குறிப்பில் காண்பதே இந்தப் படியின் நோக்கம்.

கூடு கட்டும் இடத்தைப் பார்க்க நகரத்தை விட்டு வெளியே போக வேண்டும். சென்னையிலிருந்து சுமார் 80 கி.மீ. தொலைவில் மதுராந்தகம் பக்கத்தில் உள்ள வேடந்தாங்கல் ஏரியில், நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு, கருவேல மரங்களில் நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் மற்ற நீர்ப்பறவைகளோடு கலந்து கூடு கட்டுகின்றன. வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிறைந்த பிறகே, அதாவது ஏறக்குறைய நவம்பரில் தொடங்கி மார்ச் வரை, அங்கே கூட்டம் இருக்கும். மழை பொய்த்து ஏரி நிறையாத ஆண்டில் போனால் வெறும் மரங்களைத்தான் பார்த்துவிட்டு வரவேண்டும். மரத்தைச் சுற்றி நீர் நிற்பது அழகுக்காக மட்டும் தேவைப்படுவதில்லை. முட்டையையும் குஞ்சையும் தேடி ஏறிவரும் விலங்குகளை அந்த நீர்தான் தடுக்கிறது. அந்தப் பகுதிக் கிராமத்தார் தலைமுறைகளாகப் பறவைகளைக் காத்துவந்ததற்கு நடைமுறைக் காரணமும் இருந்தது. எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகப் பாய்ந்தது. 1798 இல் அப்போதைய ஆட்சியரிடமிருந்து பறவைகளைச் சுடத் தடை பெற்றதாக வரலாறு கூறுகிறது. வேடந்தாங்கலும் அதை அடுத்த கரிக்கிலியும் 2022 இல் ராம்சார் தகுதி பெற்றன. கூடுள்ள மரங்களை நெருங்க முயலக்கூடாது. பெரிய பறவைகள் பதறி எழுந்தால், காத்திருக்கும் காகங்களும் பருந்துகளும் முட்டைகளையும் குஞ்சுகளையும் எடுத்துப் போய்விடும். கண்காணிப்புக் கோபுரத்திலிருந்து பார்ப்பதே போதுமானது.

நான்காம் படி: பாதுகாப்பு நிலையைப் படித்தல்

புதியவர்கள் மிக அதிகமாகத் தடுமாறும் இடம் இது. ஒரு சொல்லைக் கண்டுபிடித்து எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியல் 1964 இல் தொடங்கியது. பறவைகளுக்கான மதிப்பீடுகளைப் பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல் என்னும் அமைப்பு செய்துவருகிறது. கவலை குறைந்த இனம், அச்சுறு நிலையை அண்மித்த இனம், அழிவாய்ப்பு இனம், அருகிய இனம், மிகவும் அருகிய இனம் என்று படிகள் ஏறிச் செல்கின்றன. ஒரு சிற்றினத்தின் எண்ணிக்கை பத்து ஆண்டுகளில் அல்லது மூன்று தலைமுறைகளில், இரண்டில் எது நீண்டதோ அந்தக் காலத்துக்குள், 30 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைந்தால் அது அழிவாய்ப்பு இனமாகக் கருதப்படும் என்பது பயன்படுத்தப்படும் அளவுகோல்களுள் ஒன்று. அந்த எல்லையைத் தொடாமல் அதற்கு அருகில் நிற்பவை அச்சுறு நிலையை அண்மித்தவை.

சின்ன நீர்க்காகம் கவலை குறைந்த இனமாகப் பதிவாகியுள்ளது. பாம்புத்தாரா 2010-களில் வெளிவந்த மதிப்பீடுகளில் அச்சுறு நிலையை அண்மித்த இனமாக வைக்கப்பட்டிருந்தது. வாழிடம் அழிதல், நீர் மாசடைதல், வேட்டை, கூடுகளிலிருந்து முட்டையும் குஞ்சும் எடுக்கப்படுதல் ஆகியவை காரணங்களாகக் கூறப்பட்டன. இவற்றில் கடைசி இரண்டும் தென்கிழக்கு ஆசியாவில் கடுமையாக இருந்தன. கம்போடியாவின் தொன்லே சாப் ஏரிப் பகுதியில் கூடுகளைக் காவல் காக்கத் தொடங்கிய பிறகு அங்கே பாம்புத்தாராக்களின் எண்ணிக்கை பெருகியது என்பதும் இதோடு சேர்த்து நோக்க வேண்டிய செய்தி. மரங்களில் கூட்டமாகக் கூடு கட்டும் பறவைக்கு ஓரிடத்தில் ஆபத்து வந்தால் இழப்பு எவ்வளவு பெரியதோ, அந்த ஓரிடத்தைக் காத்தால் கிடைக்கும் பலனும் அவ்வளவு பெரியது.

இப்போது மூன்றாம் படியில் எழுதியதைத் திருப்பிப் பாருங்கள். சிறு குட்டையிலும் வாழத் தெரிந்த பறவை ஒன்று. பெரிய, திறந்த, அமைதியான நீரும், உலர்வதற்குத் தொந்தரவற்ற கிளையும் தேவைப்படும் பறவை மற்றொன்று. உருவில் பெரியதாகவும் எளிதில் குறிவைக்கக்கூடியதாகவும் இருப்பதும் பாம்புத்தாராவுக்கே பாதகம். பாதுகாப்பு நிலையில் உள்ள வேறுபாட்டை இந்த வேறுபாடுகளோடு இணைத்து விளக்க முடிந்தால்தான் ஒப்பீடு முழுமையடைந்தது என்பேன். இரண்டு வகைப்பெயர்களை எதிரெதிரே எழுதுவது ஒப்பீடாகாது.

வகைப்பெயரை எழுதும்போது மதிப்பீட்டு ஆண்டையும் பக்கத்தில் எழுதுங்கள். நிலைகள் மாறக்கூடியவை. நாம் பள்ளிக்கரணையில் பார்க்கும் புள்ளி அலகுக் கூழைக்கடா முன்பு அழிவாய்ப்பு இனமாக இருந்து, 2007 இல் அச்சுறு நிலையை அண்மித்த இனமாக மாற்றப்பட்டது. பாதுகாப்பு கூடி எண்ணிக்கை மீண்டதே அதற்குக் காரணம். ஆண்டு குறிக்கப்படாத வகைப்பெயர், தேதி இல்லாத கடிதத்துக்குச் சமமாகப் பயனற்றுப்போகும்.

உலக நிலைக்கு அடுத்ததாக நாட்டு நிலையைப் பார்க்க வேண்டும். இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2023 இல் வெளியான அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்து, அவற்றுள் 178 இனங்களுக்கு உயர் முன்னுரிமை தர வேண்டும் என்று கூறியது. அதற்கு அடிப்படையாக அமைந்தவை, பறவை பார்ப்பவர்கள் ஈபேர்டு தளத்தில் பதிந்த ஏறக்குறைய மூன்று கோடிக் குறிப்புகள். உலக அளவில் கவலைக்குரிய ஒரு பறவை இந்தியாவில் ஓரளவு நன்றாக இருக்கலாம், அதற்கு நேர்மாறாகவும் இருக்கலாம். ஆகவே இரண்டையும் தனித்தனி வரிகளில் எழுதுங்கள்.

சட்டப் பாதுகாப்பு மூன்றாவது. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முன்பு ஆறு அட்டவணைகள் இருந்தன. 2022 இல் நிறைவேறி 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி அவை நான்காகக் குறைக்கப்பட்டன. பழைய நூலில் உள்ள அட்டவணை எண்ணை அப்படியே எடுத்தெழுதினால் தவறாகிவிடும். அட்டவணையும் செம்பட்டியல் வகையும் ஒன்று என்று மயங்கவும் கூடாது. மயில் செம்பட்டியலில் கவலை குறைந்த இனம். சட்டத்தில் அதற்கு முதல் அட்டவணையின் உயர்ந்த பாதுகாப்பு உண்டு. எண்ணிக்கை ஒரு கணக்கு, சட்டம் வேறொரு கணக்கு.

ஐந்தாம் படி: எழுதி முடித்தல்

கட்டம் கட்டி நிரப்புவதைவிடப் பத்தியாக எழுதுமாறு பரிந்துரைக்கிறேன். பத்தியாக எழுதும்போது காரணங்களை இணைக்காமல் தப்ப முடியாது. மாதிரிக்கு ஒன்று: ‘சின்ன நீர்க்காகமும் பாம்புத்தாராவும் சுலிஃபார்மிஸ் வரிசையைச் சேர்ந்த இரு வேறு குடும்பப் பறவைகள். இரண்டும் மூழ்கி மீன் பிடிப்பவை எனினும், முன்னது துரத்திக் கவ்வுகிறது, பின்னது பதுங்கிக் குத்துகிறது. முன்னது சிறு குளங்களிலும் காணப்பட, பின்னது பெரிய நீர்நிலைகளையே பெரும்பாலும் நாடுகிறது. முன்னது கவலை குறைந்த இனம். பின்னது 2010-களின் மதிப்பீடுகளில் அச்சுறு நிலையை அண்மித்த இனம்.’ இதன் பின்னால் உங்கள் சொந்தக் குறிப்புகளிலிருந்து இடம், நாள், நேரம், எண்ணிக்கை, பறவை செய்துகொண்டிருந்த செயல் ஆகியவற்றைச் சேருங்கள்.

எண்ணிக்கை எழுதும்போது ‘நிறைய’ என்று எழுதாதீர்கள். கூட்டம் பெரிதாக இருந்தால் பத்துப் பறவைகள் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று முதலில் எண்ணி, அதை வைத்து மீதியை மதிப்பிடலாம். பாம்புத்தாராவை எதிர்பார்த்துப் போய் ஒன்றையும் பார்க்காத நாளையும் பதிவு செய்ய வேண்டும். அந்த வெற்றுக் குறிப்புகள்தான் பின்னாளில் ஓர் ஏரியில் பறவை குறைந்ததா என்று சொல்ல உதவுகின்றன. ஈபேர்டில் பதிபவர்கள், கண்ட எல்லா இனங்களையும் சேர்த்த முழுப் பட்டியலாகவே பதியுங்கள். ஆய்வாளர்களுக்கு அதுவே அதிகம் பயன்படும். ஜனவரியில் பொங்கல் விடுமுறையை ஒட்டி நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பும், அதே மாதத்தில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் அனுபவமுள்ளவர்களோடு சேர்ந்து எண்ணிப் பழக ஏற்ற வாய்ப்புகள். சென்னையில் 1978 முதல் இயங்கிவரும் மெட்ராஸ் இயற்கையாளர் சங்கத்தாரோடு ஒரு காலை போய்வந்தால், கொண்டை நீர்க்காகத்தையும் சின்ன நீர்க்காகத்தையும் பறக்கும்போதே பிரித்தறியும் பழக்கம் விரைவில் வந்துவிடும். அதன் பிறகு காகமும் அண்டங்காக்கையும், தாழைக்கோழியும் நீலத்தாழைக்கோழியும் என்று அடுத்தடுத்த இணைகளை எடுத்துக்கொள்ளலாம். காகங்களைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு முன்னெச்சரிக்கை: அண்டங்காக்கையை எந்தச் சிற்றினத்தில் அடக்குவது என்பதில் பட்டியல்கள் ஒத்துப்போனதில்லை, எனவே அங்கே இரண்டாம் படிக்கே பாதி நேரம் போய்விடும்.